முதல் நாளிலேயே வெறுத்துப்போகாதபடி விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொடுப்பது எப்படி?

கரைவலை எழுதியது:

விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் தண்ணீரில் ஓடும் விளையாட்டு, பழக ஆசையாக வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரே ஒரு முறை தண்ணீரில் இறங்கிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. "ரொம்பக் கஷ்டம்", "அதற்கெல்லாம் கையில் பலம் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பல வருடங்களாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கஷ்டம் இந்த விளையாட்டில் இல்லை, முதல் இரண்டு மணி நேரத்தை நாம் நடத்துகிற விதத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் நண்பரைக் கூட்டி வருகிறார். காற்று 15 நாட் (மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்) அடிக்கிறது. தன்னுடைய 110 லிட்டர் கனஅளவுள்ள சிறிய போர்டையும் 6.5 சதுர மீட்டர் பாயையும் கொடுத்து "ஏறு, தூக்கு, பிடி" என்கிறார். நண்பர் ஏறுகிறார், விழுகிறார், மறுபடி ஏறுகிறார். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கரை எங்கேயோ போய்விடுகிறது. அவர் திரும்பி வராததில் என்ன ஆச்சரியம்?

முதல் வகுப்புக்கு நான் வைத்திருக்கும் இலக்கு ஒன்றுதான். கிளம்பிய இடத்திலிருந்து கொஞ்ச தூரம் போய், போர்டைத் திருப்பி, யாருடைய உதவியும் இல்லாமல் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். வேகம் வேண்டாம், அழகாக நிற்க வேண்டாம். போய்த் திரும்பி வந்துவிட்டால் "இது என்னால் முடியும்" என்று அவருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, அவரே வருவார்.

இந்த இலக்கை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக முடிவாகிறது. போர்டு 200 லிட்டருக்கு அக்கம்பக்கத்தில், 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, நடுவில் டாகர்போர்டு (தண்ணீருக்குள் இறங்கும் நடுத்தட்டு) உள்ளதாக இருக்க வேண்டும். மேல்பக்கம் முழங்கால் தோலை உரிக்காத மெத்தென்ற ரப்பர் பரப்பாக இருந்தால் நல்லது. பெரியவர்களுக்குக்கூட முதலில் 3 முதல் 4 சதுர மீட்டர் பாய் போதும். காற்று 6 முதல் 10 நாட். தண்ணீர் இடுப்பளவு, அடியில் மணல். காற்று கரைக்கு இணையாகவோ கொஞ்சம் கரையை நோக்கியோ அடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் அன்றைக்கு வகுப்பைத் தள்ளிப்போடத் தயங்குவதில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? நான் சொல்வதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.


அலைவாசி எழுதியது:

அண்ணா, பெரிய போர்டு என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 7 நாட் காற்றில் 3.5 பாயைக் கொடுத்தால் போர்டு நகருமா? இளவயதுப் பையன்கள் இருபது நிமிடத்தில் சலித்துப்போவார்கள். இந்த விளையாட்டில் ஆளைக் கட்டிப்போடுவது பிளேனிங். போர்டு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும் அந்த ஒரு நொடி. அதை ஒருமுறை உணர்ந்தவன் விடமாட்டான். அது எப்போதோ வரும், இப்போதைக்கு மெதுவாகப் போ என்று சொன்னால் எத்தனை பேர் காத்திருப்பார்கள்?

உடல் வலு உள்ளவர்களுக்கு 5.0 பாயும் 12 நாட் காற்றும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. விழட்டும். விழுந்து எழுவதும் பழக்கம்தானே.


கரைவலை எழுதியது:

அலைவாசி, பிளேனிங் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கும் அதுதான் உயிர். ஆனால் அந்த இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கிடக்கும் பாயின் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மாஸ்ட் (பாய்மரம்), பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி), பாய் எல்லாம் சேர்ந்த எடையைவிட அந்தத் தண்ணீரின் எடைதான் ஆளைக் கவிழ்க்கிறது. புதியவர் பாயைத் தூக்கும் அப்ஹால் கயிற்றைக் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இரு கைகளாலும் வெடுக்கென்று இழுக்கிறார். இடுப்பு வளைகிறது, பின்பக்கம் வெளியே தள்ளுகிறது, பாரம் முழுவதும் கீழ்முதுகில் போய் உட்காருகிறது. பாய் திடீரென்று தண்ணீரிலிருந்து விடுபடும்போது பிடிமானம் போய்ப் பின்னால் விழுகிறார். பாய் பெரிதாக ஆக இது ஒவ்வொன்றும் மோசமாகிறது. ஐந்தாறு முறை இப்படி ஆனால் வலுவான பையனும் களைத்துவிடுவான். களைத்தவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. முதுகைக் காற்றுக்குக் காட்டி நில். மாஸ்டின் அடிப்பகுதிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதம். முழங்காலை மடக்கு, முதுகு நேராக இருக்கட்டும், கை நீண்டிருக்கட்டும். இப்போது கயிற்றைப் பிடித்தபடி மெல்லப் பின்னால் சாய்ந்து நில், இழுக்காதே. உன் எடை வேலை செய்யட்டும். பாயின் ஓரம் ஒரு சாண் எழும்பும், அதற்கு அடியில் காற்று நுழையும், தண்ணீர் தானாக வழிந்து இறங்கும். அது வழிகிற சத்தம் கேட்கும்வரை காத்திரு. அப்புறம் பாய் இறகாக மேலே வரும், அப்போது கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றில் மேலே போ.

மாஸ்ட் கைக்கு வந்ததும் பூமைத் தொடக் கூடாது. இரண்டு கையாலும் மாஸ்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாய் காற்றுப் போகும் பக்கம் கொடியாக ஆடிக்கொண்டிருக்கும், போர்டு காற்றுக்குக் குறுக்கே அமைதியாக நிற்கும். இந்த நிலைதான் வீடு. எங்கே தடுமாறினாலும் இங்கே திரும்பிவிடலாம். இந்த நிலையில் நின்றுகொண்டே பாயை முன்பக்கம் சாய்த்தால் போர்டு ஒரு பக்கம் திரும்புவதையும் பின்பக்கம் சாய்த்தால் மறுபக்கம் திரும்புவதையும் பார்க்கச் சொல்வேன். சின்னச் சின்ன அடியாக மாஸ்டைச் சுற்றி நடந்து போர்டை முழுவட்டம் திருப்பச் சொல்வேன். ஓட்டுவதற்கு முன்பே திரும்பத் தெரிந்துவிடுகிறது. போகத் தொடங்கும்போது "எப்படித் திரும்பி வருவேன்" என்ற பயம் இருக்காது.

இதையெல்லாம் 5.0 பாயில் 12 நாட்டில் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. செய்ய முடிகிறவர்கள் குறைவு.


நீலத்திரை எழுதியது:

நான் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்டவள். கற்பவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில் ஒரு பழைய கனமான பாயைக் கொடுத்து, கரையில் நின்றபடி கத்திக்கொண்டே இருந்தார்கள். காற்றில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியும் "இழுங்க, இழுங்க" என்பதுதான். அன்றைக்கு எனக்கு இருந்த பயம் தண்ணீரைப் பற்றியது அல்ல, நன்றாக நீந்துவேன். விழுந்தால் மாஸ்ட் தலையில் அடிக்குமோ, பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டுமோ என்பதுதான் பயம். அதைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வேறொரு பயிற்சியாளரிடம் போனேன். அவர் என்னைப் போர்டில் ஏற்றுவதற்கு முன்பே பாயைத் தண்ணீரில் படுக்க வைத்தார். "இதற்கு அடியில் போங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்றார். உள்ளே போய் உள்ளங்கையால் பாயை மேலே தள்ளினேன். முகம் வைக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். பாயின் பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. "இப்போது ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கமே கையால் தள்ளிக்கொண்டு வாருங்கள், நடுவில் திசை மாற்றாதீர்கள்" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. நான்கைந்து கை வீச்சில் வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விழுவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

விழும்போது பின்பக்கமாக, உடம்பைத் தட்டையாக வைத்து விழ வேண்டும், தலைகீழாகப் பாயக் கூடாது, மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுத்தார். இதை எல்லோருமே முதல் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயத்தோடு நிற்பவரின் முழங்கால் மடங்காது. "மடக்குங்கள்" என்று நூறு முறை சொன்னாலும் மடங்காது.


சுக்கான் எழுதியது:

பாதுகாப்புப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை.

கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் புதியவர்களை ஒருபோதும் இறக்காதீர்கள். அன்றைக்குத்தான் கரையோரம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். அலை இல்லை, எளிதாக இருக்கும் என்று தோன்றும். கரையில் மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் அங்கே லேசாக இருக்கும், நூறு மீட்டர் தள்ளிப் போனதும் காற்று முழு வேகத்தில் பிடிக்கும். அங்கிருந்து புதியவரால் திரும்ப முடியாது. ஏரியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே எதிர்க்கரை என்று ஒன்று இருக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். 8 நாட்டில் ஒரு கையால் பிடித்த பாய் 16 நாட்டில் தோளைப் பிடுங்கும். கடற்கரைகளில் பொதுவாக வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் வலுக்கும் என்பதால் புதியவர்களின் வகுப்பைக் காலையில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது தெரிந்தவர்களுக்கு. புதியவர்களுக்குக் காற்று குறைந்த வேளைதான் நல்ல வேளை.

மிதவைச் சட்டை எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும், இடுப்பளவு தண்ணீரிலும். என்ன ஆனாலும் போர்டை விட்டு நீந்தக் கூடாது. போர்டு மூழ்காது, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியும். நீந்துகிற ஒருவரின் தலை தெரியாது. பாயோடு வர முடியவில்லை என்றால் பாயைப் போர்டின் பின்பகுதியில் குறுக்கே கிடத்தி, மேலே குப்புறப் படுத்துக் கையால் துடுப்பு போட்டு வரலாம். அதுவும் முடியாவிட்டால் பாயைக் கழற்றி விட்டுவிடலாம், போர்டை மட்டும் விடக் கூடாது. உதவி வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்த வேண்டும், திரும்பத் திரும்ப. இது உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்துச் சைகை.

கிளம்புவதற்கு முன், மாஸ்டைப் போர்டோடு இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்டின் ரப்பரை வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டின் பின்பகுதியில் அடியில் இருக்கும் ஃபின்னின் திருகு, அப்ஹால் முடிச்சு இரண்டையும் பாருங்கள். பழைய கருவிகளில் கைவிடுவது பெரும்பாலும் இவைதான்.

ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு சின்ன நங்கூரத்தில் நீளமான கயிற்றைக் கட்டிப் போர்டோடு இணைத்துவிடுங்கள். முதல் மணி நேரத்தில் புதியவர் எவ்வளவு தடுமாறினாலும் கயிற்றின் நீளத்துக்கு மேல் போக மாட்டார். பயிற்சியாளர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.


மீன்கொத்தி எழுதியது:

நான் குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களுக்குச் சொல்வதில் பாதியை அவர்களிடம் சொல்லவே வேண்டியதில்லை!

முதல் அரை மணி நேரம் பாயே கிடையாது. வெறும் போர்டு. முட்டி போட்டுத் துடுப்பு போடு, எழுந்து நில், முன்னால் நடந்து போ, மூக்கு முங்குகிறதா பார், பின்னால் வா, இப்போது குதி. ஒரே போர்டில் மூன்று பேர் நின்று யார் கடைசியாக விழுகிறார்கள் என்று போட்டி. இதிலேயே போர்டின் நடு எங்கே, ஓரத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. விழுவதும் விளையாட்டாகிவிடுகிறது.

அப்புறம் கரையில் பாயைக் கையில் கொடுப்பேன். 1 முதல் 2.5 சதுர மீட்டர் வரை, பிள்ளையின் எடையைப் பொறுத்து. மெல்லிய மாஸ்ட், மெல்லிய பூம். மாஸ்டை ஒரு கையால் பிடித்து நிறுத்தச் சொன்னால் பாய் எந்தப் பக்கம் காற்றைப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்பேன், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காதிலும் காற்றுச் சத்தம் சமமாகக் கேட்கும்வரை தலையைத் திருப்பிக் காட்டுவார்கள். பெரியவர்களிடமும் இதைச் செய்து பாருங்கள், நன்றாக வேலை செய்யும்.

பெரியவர்களின் பாயைக் குழந்தையிடம் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை. பூம் அவர்கள் தலைக்கு மேலே நிற்கும். பிள்ளை தொங்கிக்கொண்டிருக்கும், ஓட்டாது. இதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவே முடியாது. சின்னப் பாய் இல்லை என்றால் அன்றைக்கு வெறும் போர்டோடு விளையாட விடுங்கள், அது போதும்.

இன்னொன்று, பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலமாகும்வரை "இன்னும் கொஞ்ச நேரம்" என்றுதான் சொல்வார்கள். நாம்தான் கூப்பிட வேண்டும். இன்னும் ஆசை இருக்கும்போதே கரையேற்றினால் நாளைக்கு ஓடி வருவார்கள்.


பாய்விரி எழுதியது:

இந்த விளையாட்டு எளிமையாகத்தான் பிறந்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். பின்னால்தான் அது கடினமானதாகக் காட்டப்பட்டது.

அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964-இல் பட்டம் போன்ற ஒரு பாயோடு நின்று ஓட்டும் பலகையைச் செய்தார். அதற்குப் பின் கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற வானூர்திப் பொறியாளரும் ஹாயில் ஸ்வைட்சரும் எல்லாப் பக்கமும் சாய்கிற ஜாயின்டையும் இருபுறமும் வளைந்த பூமையும் சேர்த்து ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1970-இல் கிடைத்தது. அந்த முதல் 'விண்ட்சர்ஃபர்' ஏறக்குறைய 3.66 மீட்டர் நீளம். டாகர்போர்டு உண்டு. பாய் 5.2 சதுர மீட்டர். புதியவரும் அதில்தான் பழகினார், பந்தயக்காரரும் அதில்தான் ஓடினார். லேசான காற்றில் ஓடியது, பலத்த காற்றிலும் ஓடியது. 1970-களின் இறுதியில் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு கார்களின் கூரையில் இந்தப் போர்டுகளைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார்கள் என்றால் அதற்கு இந்த எளிமைதான் காரணம்.

1980-களில் ஹவாயிலிருந்து குட்டைப் போர்டுகள் வந்தன. மிக அருமையான கருவிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதழ்களில் வந்த படங்கள் எல்லாம் பெரிய அலை, பலத்த காற்று, ஆகாயத்தில் பறக்கும் ஆள். கடைகளிலிருந்து நீளப் போர்டுகள் மெல்ல மறைந்தன. 20 நாட் இல்லாத நாளில் இறங்குவதே வீண் என்ற எண்ணம் பரவியது. புதியவர் எங்கே பழகுவார்?

ஒலிம்பிக்கையும் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு அறிமுகமானது, பெண்களுக்கு 1992-இல். 2008 முதல் டோக்கியோ வரை ஆர்எஸ்:எக்ஸ் போர்டு. 2024-இல் ஐக்யூஃபாயில், அதாவது அடியில் உள்ள ஃபாயில் என்ற இறக்கையால் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் போர்டு. ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8. மார்சேய் கடலில் அவர்கள் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் பையனுக்கு, தான் பழகப்போவது வேறு போர்டு என்று யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

பழைய வடிவத்தையே இலகுவாக்கி விண்ட்சர்ஃபர் எல்டி என்று மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். அதே நீளம், 5.7 பாய். தாத்தாவும் பேத்தியும் ஒரே போர்டில் மாறி மாறி ஓட்டலாம். இந்த விளையாட்டுக்குச் சமீபத்தில் நடந்த நல்ல காரியம் இதுதான் என்பேன்.


புதுக்காற்று எழுதியது:

வணக்கம். நான் பழகத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நேராகப் போக வருகிறது, திரும்பவும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் காற்றுப் போகும் பக்கமாக அடித்துக்கொண்டு போய், கடைசியில் போர்டை இழுத்துக்கொண்டு கரையோரமாக நடந்துதான் வருகிறேன். "பாயைப் பின்னால் சாய்" என்கிறார்கள். சாய்த்தால் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?


கரைவலை எழுதியது:

புதுக்காற்று, நல்ல கேள்வி. இந்த நடைதான் பல பேரை விரட்டியிருக்கிறது.

முதலில் டாகர்போர்டு முழுதும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கிறது. அது மேலே மடங்கியிருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் நழுவத்தான் செய்வீர்கள்.

அடுத்தது, பாயைப் பின்னால் சாய்க்கும்போது உங்கள் பின்கை தளர்கிறது என்று நினைக்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் சாய்க்கிறோம் என்று நினைத்துப் பாயைத் திறந்துவிடுகிறார்கள். பாயில் காற்று போய்விட்டால் போர்டு நின்றுவிடும், நின்ற போர்டு நழுவும். பின்கையின் இழுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்துப் போர்டின் பின்முனையை நோக்கி நகர்த்துங்கள். பாயின் விசை டாகர்போர்டுக்குப் பின்னால் போகும், போர்டின் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். வேண்டிய அளவு திரும்பியதும் பாயைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அங்கேயே வைத்திருந்தால் மூக்கு காற்றுக்கு நேராகப் போய் நின்றுவிடும். காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் போர்டு ஓடாது.

மூன்றாவது, கண். போர்டைப் பார்க்காதீர்கள், காலைப் பார்க்காதீர்கள், பாயையும் பார்க்காதீர்கள். கிளம்பும்போதே காற்று வரும் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு அதையே பாருங்கள். தலை திரும்பிய பக்கம் தோள் திரும்பும், தோள் திரும்பிய பக்கம் பாய் வரும்.

திரும்பும்போதும் மூக்கைக் காற்று வரும் பக்கமாகச் சுற்றித் திரும்புங்கள். மறுபக்கமாகச் சுற்றினால் அந்த வட்டத்திலேயே நிறைய தூரத்தை இழந்துவிடுவீர்கள்.


அலைவாசி எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். முதல் நாளைப் பற்றி நீலத்திரை அக்காவும் மீன்கொத்தியும் சொன்னது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. ஆனால் இரண்டாம் கட்டத்தைப் பற்றி என் வாதத்தை விடமாட்டேன். நேராகப் போகவும் திரும்பவும் வந்தவுடன் ஆளைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் இளைஞர்கள் கழன்றுகொள்கிறார்கள். உடனே 12 நாட் காற்றில் பீச் ஸ்டார்ட் சொல்லிக்கொடுங்கள். முழங்காலளவு தண்ணீரில் போர்டுக்குப் பக்கத்தில் நின்று, பாயைக் காற்றில் பறக்கவிட்டு, பின்காலை ஏற்றி, காற்று தூக்குகிறபோது மேலே வருவது. அப்ஹால் தேவையே இல்லை. அது வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அதற்கு அடுத்தது ஹார்னஸ், அதாவது பூமோடு கொக்கியால் இணைக்கும் இடுப்புக் கச்சை. இதைக் கரையிலேயே பழக்கிவிடலாம். கொக்கியை மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு. கையிலிருந்த பாரம் இடுப்புக்குப் போனதும் ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஹார்னஸ் வல்லுநர்களுக்கானது என்று தள்ளி வைக்கிறார்கள், அது தப்பு. முன்கை வலியால் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்!

விங் பற்றியும் கேட்கிறார்கள். கையில் ஊதிய இறக்கையைப் பிடித்துக்கொண்டு போவது. தூக்க மாஸ்ட் இல்லை, அதனால் முதல் நாள் எளிது. டாகர்போர்டு உள்ள பெரிய போர்டில் பழகினால் அதுவும் நல்ல நுழைவாயில்தான். நேராக ஃபாயிலோடு தொடங்குவதைத்தான் நான் ஆதரிக்கவில்லை. ஆழமான தண்ணீர் வேண்டும், விழும்போது ஃபாயிலின் ஓரம் வெட்டும்.


நீலத்திரை எழுதியது:

அலைவாசி தம்பி, பீச் ஸ்டார்ட் எனக்கும் பிடிக்கும். அப்ஹாலில் முதுகு நோகிறது என்பவர்களுக்கு அது வரம்.

ஆனால் விண்ட்சர்ஃபிங்கை எளிதாக்குவது கருவியோடும் நுட்பத்தோடும் முடிந்துவிடுவதில்லை. தண்ணீருக்கு வருவதற்கு முன்பே எத்தனை தடைகள்! உடை மாற்ற ஒழுங்கான இடம் இருக்கிறதா? என் அளவுக்கு வெட்சூட் (குளிரைத் தாங்கும் நீர் உடை) இருக்கிறதா, அல்லது இளைஞர்களின் அளவு மட்டும்தானா? கண்ணாடி போட்டவர்கள் அதைக் கட்டிக்கொள்ள ஒரு வார் கொடுப்பார்களா? விழுந்தால் கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்களா? முதல் நாளில் ஒரு பெண் கவலைப்படுவது இவற்றைப் பற்றித்தான், காற்றின் திசையைப் பற்றி அல்ல. இவை சரியாக இருந்த இடத்தில் என்னோடு சேர்ந்த தோழிகள் இன்றும் ஓட்டுகிறார்கள்.

சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். "முழங்கால், முதுகு, கண், பின்கை, காற்று" என்று ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னால் ஐந்தும் போய்விடும். கரையிலேயே நான்கைந்து கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், கத்த வேண்டியதில்லை. என் பயிற்சியாளர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினால் "தூரத்தைப் பார்" என்று அர்த்தம், முழங்காலைத் தட்டினால் மடக்கு. போதும். மீதி நேரம் அவர் பேசாமல் நின்றார். அந்த நேரத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

"பலம் வேண்டும்" என்று சொல்பவர்களுக்கு: திடீரென்று காற்று பலமாக வந்தால் பலசாலி பாயை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டுவார், அது அவரை முன்னால் தூக்கி எறியும். நான் பின்கையை மட்டும் விட்டுவிடுவேன். பாய் திறந்துகொள்ளும், காற்று போய்விடும், நான் நின்றுகொண்டிருப்பேன். முன்கையை விட்டால்தான் ஆபத்து. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவர்களுக்குப் பலம் தேவையில்லை.


சுக்கான் எழுதியது:

நீலத்திரை அம்மா சொன்ன பின்கை விஷயத்தைக் கரையிலேயே பத்து முறை செய்ய வைத்துவிட்டுத்தான் நான் தண்ணீருக்குள் அனுப்புவேன்.

மன்றங்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில: பாயைக் கட்டத் தெரியாத ஒருவர் முதல் நாளில் ஒரு மணி நேரம் பாயை இழுத்துக் கட்டும் டவுன்ஹால், அவுட்ஹால் கயிறுகளோடு திண்டாடக் கூடாது. கட்டித் தயாராக வைத்திருங்கள், பூமை அவர் தோள் உயரத்துக்கு வையுங்கள். கட்டுவதை அவருக்கு ஆசை பிடித்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம். அனுபவசாலிகள் வாரத்தில் ஒரு மாலை, காற்று குறைந்த வேளையில், புதியவர்களோடு சேர்ந்து பெரிய போர்டில் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் அவரைப் பார்த்தே பாதி பழகிவிடுவார்கள்.

அவசரப்பட்டு வாங்கவும் விடாதீர்கள். விலை குறைவு என்று பழைய குட்டைப் போர்டை வாங்கி வந்து அதில் நிற்கவே முடியாமல் மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் எடை 70 கிலோ என்றால் 110 லிட்டர் போர்டில் பாயின் எடையும் சேர்ந்த பிறகு மிதப்புக்கு மிச்சம் கொஞ்சம்தான். மிச்சமாக 100 லிட்டராவது இருக்கும் போர்டில்தான் புதியவர் நிம்மதியாக நிற்க முடியும்.


புதுக்காற்று எழுதியது:

கரைவலை ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். டாகர்போர்டு பாதிதான் இறங்கியிருந்தது! அதைச் சரிசெய்துவிட்டு, ஒரு கம்பத்தைக் குறிவைத்து, பின்கையை விடாமல் சாய்த்தேன். கிளம்பிய இடத்தையும் தாண்டிக் காற்று வரும் பக்கத்திலேயே வந்து சேர்ந்தேன். நடக்கவில்லை!

இன்னொரு சந்தேகம். நான் ஓட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் தண்ணீருக்கு அடியில் பாசி நிறைய இருக்கிறது. அங்கே போனதும் போர்டு சட்டென்று கனத்துவிடுகிறது, திரும்பவும் மறுக்கிறது. அது என் நிற்கும் முறையாலா, பாசியாலா?


கரைவலை எழுதியது:

மிகவும் சந்தோஷம், புதுக்காற்று!

அது பாசிதான். ஃபின்னிலும் டாகர்போர்டிலும் சுற்றிக்கொள்கிறது. பாயை மெல்ல இறக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஃபின்னைக் கையால் தடவி எடுத்துவிடுங்கள், டாகர்போர்டை ஒருமுறை மேலே மடக்கி மறுபடி இறக்குங்கள், அதில் ஒட்டியது உதிர்ந்துவிடும். அங்கேயே அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த ஃபின் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பாசிக்கென்றே அந்த வடிவத்தில் செய்கிறார்கள். பாசி வழுக்கும், கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள். உங்கள் காற்று 10 நாட்டுக்கு மேல் போகிற நாளில் அலைவாசி சொன்ன பீச் ஸ்டார்ட்டை மணல் உள்ள பக்கத்தில் முயன்று பாருங்கள். எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுங்கள்.